காதுக்குள் ஒரு கடல்

ஸ்கூபா மோகம் கரையோரமெங்கும் பரவுகிறது. கூடவே அடைத்த காதுகளும். அநேகமாக எல்லாமே ஆறிவிடும் – காதின் சொந்தக்காரர் சும்மா இருந்தால்.

அந்தமானின் ஸ்வராஜ் தீவில் (பழைய ஹேவ்லாக்) மாலைப் படகுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் அவர்களை அடையாளம் காண்பது சுலபம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் காதைத் தட்டி, சிலர் ஒற்றைக் காலில் குதித்தும் பார்ப்பார்கள். காலையில் கடலுக்கடியில் மீன்களோடு எடுத்த வீடியோ கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் சத்தம் மட்டும் சரியாகக் கேட்காது. ‘காதுக்குள் தண்ணீர் போய்விட்டது’ என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொல்லும் விளக்கம். பாதி சரி. காதுக்குள் நீர் இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அது கடல் நீரும் இல்லை.

செவிப்பறைக்கு இந்தப் பக்கம், அதாவது வெளியே, காது காய்ந்துதான் கிடக்கிறது. பறைக்கு அந்தப் பக்கத்தில், காற்று மட்டுமே இருக்க வேண்டிய நடுச்செவி என்ற சின்ன அறையில், உடம்பே கசியவிட்ட நீரும் ரத்தமும் தேங்கியிருக்கின்றன. குதித்தால் கொட்டாது. பஞ்சுக் குச்சியால் துடைத்தால் வராது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேரோட்ராமா – அழுத்தக் காயம். முக்குளிப்பவர்களுக்கு உலகெங்கும் மிக அதிகமாக வரும் காயம் இதுதான். சுறாவைப் பற்றிப் பயந்துகொண்டு கடலில் இறங்குபவர்கள் காதைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்தியாவில் ஸ்கூபா ஒரு காலத்தில் கடற்படைக்காரர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் உரிய சங்கதி. 2011இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ இந்திப் படத்தில் ஸ்பெயின் கடலுக்குள் ஹிருத்திக் ரோஷன் கண் கலங்கிய காட்சி பலருக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டது. இன்று அந்தமான், லட்சத்தீவுகள், கோவாவின் கிராண்டே தீவு, கர்நாடகத்தில் முருடேஸ்வரை அடுத்த நேத்ராணி, மகாராஷ்டிரத்தின் மால்வண், புதுச்சேரி என்று எங்கும் கடையிருக்கிறது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. பின்னாலிருந்து பயிற்சியாளர் பிடித்துக்கொள்வார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கரையில் சில நிமிட விளக்கம் கேட்டு, முழங்கால் தண்ணீரில் மூச்சு விட்டுப் பார்த்தால் போதும், பவளப் பாறை தயார். இந்த ‘அறிமுக’ முக்குளிப்புக்கு வழக்கமான எல்லை 12 மீட்டர். அவ்வளவு ஆழமில்லையே என்று தோன்றும். காதின் கணக்கு வேறு.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. கரையில் ஒரு லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் அரை லிட்டராகச் சுருங்கும். அடுத்த பாதியாகச் சுருங்க 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே மிகப் பெரிய மாற்றம் நடப்பது முதல் சில மீட்டர்களில்தான் – புதியவர்கள் தட்டுத்தடுமாறும் அதே இடத்தில். 3 மீட்டர் ஆழத்தில், அதாவது ஒரு நீச்சல்குளத்தின் ஆழமான மூலையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள செவிப்பறையை நீர் ஏறக்குறைய 200 கிராம் எடையின் விசையோடு உள்ளே தள்ளுகிறது. உள்ளேயிருந்து எதிர்த் தள்ளு கொடுக்கக் காற்று வேண்டும்.

அந்தக் காற்று வர ஒரே வழிதான் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும், சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள யூஸ்டேஷியன் குழல். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு நிபுணர் பர்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயர் அதற்கு. எப்போதும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அதைத் திறக்கும் முறைக்கு இன்னொரு இத்தாலியரான அந்தோனியோ வல்சால்வாவின் பெயர். 1704இல் அவர் அதை விவரித்தது கடலுக்காக அல்ல. காதுச் சீழை வெளியேற்றுவதற்காக.

குழலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளி அழுத்தம் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் அது பூட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. இதற்கு எத்தனை ஆழம் வேண்டும்? ஏறக்குறைய 1.2 மீட்டர். ஒருவர் நின்றால் நெஞ்சு வரை வரும் தண்ணீர். ஒன்றிரண்டு மீட்டர் போன பிறகு ‘காது வலித்தால் ஊதுங்கள்’ என்பது காலம் கடந்த யோசனை. வலிப்பதற்கு முன்பே, தலை நீரில் அமிழும்போதே ஆரம்பித்து, அரை மீட்டருக்கு ஒருமுறை ஊத வேண்டும். வலித்துவிட்டால் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கரையில் அந்தந்தப் பயணியின் மொழியில் புரியவைத்தாலே பாதிக் காதுகள் தப்பிக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வேகமாக ஒப்பிக்கப்படும் விளக்கத்துக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தண்ணீருக்கடியில் சந்தேகம் கேட்க முடியாது.

ஆனால் காயத்தின் விதை பெரும்பாலும் கடலில் விழுவதில்லை. பயணத் திட்டத்தில் விழுகிறது. நான்கு இரவு, ஐந்து பகல். மூன்றாம் நாள் ஸ்கூபா, பணம் முன்னதாகவே கட்டியாகிவிட்டது. விமானக் குளிரிலும் ஓட்டல் ஏ.சி.யிலும் மூக்கு ஒழுக ஆரம்பித்திருக்கும். சளி பிடித்தவரின் குழல் வீங்கி அடைத்திருக்கும், அவர் இறங்கக் கூடாது என்பது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். மூக்கடைப்பு உண்டா என்று கேட்டால் இல்லை என்பதே வாடிக்கையான பதில். கட்டிய பணம் அப்படிப் பேச வைக்கிறது.

இந்தூரிலிருந்து மனைவியோடு வந்திருக்கும் 34 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். லேசான ஜலதோஷம். 4 மீட்டரில் வலது காதில் ஊசி குத்துவதுபோல் வலி. கையை ஆட்டிக் காட்டுகிறார்; பயிற்சியாளர் கொஞ்சம் மேலே தூக்குகிறார்; வலி குறைகிறது; மறுபடி இறங்குகிறார்கள். பல்லைக் கடித்துக்கொள்கிறார். வீடியோ நன்றாக வந்திருக்கிறது. மேலே வந்து முகக் கண்ணாடியைக் கழற்றினால் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளி.

உள்ளே நடந்தது என்ன? வெளியே அழுத்தம் ஏற, உள்ளே காற்று வராமல் நடுச்செவியில் பாதி வெற்றிடம் உண்டாயிற்று. வெற்றிடத்தை உடல் பொறுக்காது. அறையின் சுவரிலுள்ள நுண் ரத்தக் குழாய்கள் வீங்கி, கசிந்து, சில வெடித்து, அந்த இடத்தைத் திரவத்தால் நிரப்பின. 1944இல் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கி வீரர்களைப் பரிசோதித்து டீட் என்ற டாக்டர் வகுத்த தரவரிசையையே, சில திருத்தங்களோடு, காது டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வலி மட்டும் இருந்து பறை வெளுப்பாகவே தெரிந்தால் பூஜ்யம்; சிவந்தால் ஒன்று; ரத்தக் கசிவு கொஞ்சமென்றால் இரண்டு, பரவலென்றால் மூன்று; பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டிக்கொண்டு நீலமாகத் தெரிந்தால் நான்கு; பறை கிழிந்தால் ஐந்து. நம் இந்தூர்க்காரர் மூன்றிலோ நான்கிலோ இருக்கக்கூடும். அதைச் சொல்ல ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். காது நிபுணரைப் பார்க்கப் படகேறி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குப் போக வேண்டும்.

அதற்குள் முதல் சிகிச்சைகள் முடிந்திருக்கும். சூடான தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காதில் விடச் சொல்லும் அத்தை, தொலைபேசியில். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் நீட்டப்படும் சொட்டு மருந்து. இரண்டுமே ஆபத்து. பறை முழுசாக இருந்தால் இவை எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேராது, வீண். பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குப் போய்ச் சீழ் பிடிக்க வழிசெய்யும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளோ உட்செவியின் கேட்கும் செல்களையே கெடுக்கக் கூடியவை. ஆகவே பறையைப் பார்க்கும் வரை காதுக்குள் எதுவும் விடாமலிருப்பதுதான் முதல் உதவி.

அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: காயம் நடுச்செவியோடு நின்றதா, உட்செவிக்கும் போய்விட்டதா? நடுச்செவிக் காயம் வாரக் கணக்கில் ஆறும். உட்செவி அப்படியல்ல. பூட்டிக்கொண்ட குழலைத் திறக்க முக்கி முக்கி ஊதுபவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறி, உட்செவியின் ‘வட்டச் சன்னல்’ என்ற மெல்லிய சவ்வு கிழிந்து, உள்ளிருக்கும் திரவம் கசியலாம். அறை சுற்றுவதுபோன்ற தலைச்சுற்றல், வாந்தி, முன்பு இல்லாத இரைச்சல், திடீரென்று விழுந்துவிட்ட கேள்விப்புலன் – இவற்றில் ஒன்று இருந்தாலும் சுற்றுலாவை அங்கேயே முடித்துக்கொண்டு நிபுணரிடம் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். அடிபட்ட காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் கோளாறு அநேகமாக நடுச்செவியில். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். டாக்டர் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் வீபர் சோதனையின் ஏழை வடிவம் இது. டாக்டருக்குப் பதிலாகாது, எவ்வளவு வேகமாக டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதைச் சொல்லும்.

உட்செவிக் காயத்துக்குத் தலையை உயர்த்தி வைத்துப் படுக்கை ஓய்வு, பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரை. பளு தூக்கக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. மலச்சிக்கல்கூடக் கூடாது என்று அதற்கும் மருந்து கொடுப்பார்கள். நாலைந்து நாளில் தேறாமல் மோசமானால் காதைத் திறந்து கிழிசலை அடைக்கும் அறுவை சிகிச்சை. இதில் ஒரு பொறியும் உண்டு. ஆழமாக, நீண்ட நேரம் முக்குளித்தவருக்கு ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி உட்செவியைத் தாக்கினாலும் இதே தலைச்சுற்றல் வரும். அந்த நோய்க்கு ஆக்ஸிஜனும் அழுத்த அறையும் தேவை. சவ்வு கிழிந்தவரையோ அழுத்த அறைக்குள் வைப்பது காயத்தை அதிகமாக்கலாம். ஆகவே அனுபவமுள்ள டாக்டர் முதலில் கேட்பது, ‘எப்போது ஆரம்பித்தது?’ இறங்கும்போது காது திறக்காமல் சிரமப்பட்டு, அப்போதே தொடங்கியிருந்தால் அழுத்தக் காயம். இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லாமல், மேலே வந்த பிறகு தொடங்கியிருந்தால் குமிழி. அறிமுக முக்குளிப்பில் முதலாவதுதான் அதிகம்.

நம் ஆளுக்குத் தலைச்சுற்றல் இல்லை. முனகல் வலது காதில்தான் பெரிதாகக் கேட்கிறது. அடுத்த கவலை: நாளை மறுநாள் விமானம். சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப்போல் குறையும். அது தரையிறங்கும்போது காது சந்திக்கும் மாற்றம், கடலில் இரண்டரை மீட்டர் இறங்குவதற்குச் சமம். அடைத்த குழலுக்கு அதுவே அதிகம். ஓரிரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. முடியாதவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சொல்லும் மூக்குச் சொட்டு, தரையிறங்க அரைமணி முன்பு. இறங்கும்போது தூங்காமல் விழித்திருந்து விழுங்கிக்கொண்டேயிருக்க வேண்டும். விசித்திரம் என்னவென்றால், பறை கிழிந்தவருக்கு விமானத்தில் வலி குறைவு – காற்று ஓட்டை வழியாகவே போய்வருகிறது. உட்செவி சந்தேகம் உள்ளவர் மட்டும் நிபுணர் அனுமதிக்காமல் ஏறவே கூடாது. காதைத் தவிர இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறாமலிருப்பது விதி.

வீடு வந்த பிறகுதான் பொறுமையின் காலம். முதல் இரண்டு மூன்று நாளில் வலி போய்விடும். அடைப்பு போகாது. தன் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் தனக்கே கேட்கும். அலுவலகக் கூட்டத்தில் வலப்பக்கம் இருப்பவர் சொல்வது புரியாது. எரிச்சல் வரும். ‘காது போயே போய்விட்டதோ’ என்ற பயம் இரவில் வரும். நாளுக்கு இருபது முறை மூக்கைப் பிடித்து ஊதிப் பார்ப்பார்கள். அந்த ஊதலே குழலை மேலும் வீங்க வைக்கும். தேங்கிய திரவம் வடிய வேண்டியது அதே குழல் வழியாகத்தான். வீக்கம் தணிந்தால் அது தானாக வடியும். மூக்கை விரைவாகத் திறக்கும் ஸ்பிரே மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் கூடாது. மீறினால் மூக்கு முன்னிலும் மோசமாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தருவார்கள். ஆன்டிபயாட்டிக்? கிருமித் தொற்று இல்லாதவரை தேவையில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள்தான் அதிகம்.

ஒரு நாள், கொட்டாவி விடும்போது, உள்ளே ‘பட்’டென்று ஒரு சத்தம். அப்புறம் விழுங்கும்போதெல்லாம் சின்னச் சின்னக் குமிழி உடையும் ஓசை. பயப்பட வேண்டியதில்லை. திரவத்துக்கு நடுவே காற்று நுழைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். லேசான காயத்தில் இது ஓரிரு வாரத்தில் நடக்கும். ரத்தம் கட்டியிருந்தால் மூன்று முதல் ஆறு வாரம். டிம்பனோமெட்ரி என்ற சோதனையில் முன்பு தட்டையாக இருந்த கோடு மலைபோல் எழும்பும். அதுதான் அறை வற்றியதற்கான அத்தாட்சி.

பறை கிழிந்தவர்களின் கதை இன்னும் நீளம், ஆனால் பயந்த அளவு மோசமில்லை. நீரில் இருக்கும்போது கிழிந்தால் அந்த நிமிஷம் பயங்கரம்: குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்து சமநிலை உறுப்பைத் தாக்க, மேல் கீழ் தெரியாமல் தலை சுழலும். உள்ளே நுழைந்த நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி நின்றுவிடும். எதையாவது பிடித்துக்கொண்டு காத்திருந்தால் தப்பிக்கலாம். பதறி மேலே பாய்ந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. கரைக்கு வந்த பின் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று – காதை ஈரமில்லாமல் வைத்திருப்பது. குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சு. தலைக்கு எண்ணெய்க் குளியல், நீச்சல் எதுவும் கிடையாது. பெரும்பாலான கிழிசல்கள் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மூடாதவற்றுக்குத் தசை உறையிலிருந்து சிறு துண்டு எடுத்து ஒட்டுப்போடும் அறுவை சிகிச்சை, இந்தியாவின் மாவட்டத் தலைநகரங்களில்கூட நடக்கிறது.

இத்தனையும் சுற்றுலாப் பயணிக்கு. அவரை இறக்கிக் கூட்டிச்சென்றவரின் காது? சீசன் அக்டோபரில் தொடங்கி மே வரை. அறிமுக முக்குளிப்பு நடத்துபவர் ஒரே காலையில் மூன்று நான்கு முறை இறங்கி ஏறுகிறார். பயந்த வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போதும் அவரும் ஏறி இறங்க வேண்டும். ஒரே ஒரு ஆழமான முக்குளிப்பைவிட இந்த ஏற்ற இறக்கமே காதுக்கு அதிக வேலை. இறங்காத நாளுக்குக் கூலி இல்லாத இடங்களில் சளியோடும் இறங்குகிறார்கள், மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு. கீழே இருக்கும்போது மாத்திரையின் வேகம் தணிந்தால் வருவது தலைகீழ்ச் சிக்கல்: உள்ளே விரியும் காற்று வெளியேற முடியாமல் மேலேறும்போது வலிக்கும். இறங்கும்போது வலித்தால் திரும்பி மேலே போகலாம். மேலேறும்போது வலித்தால், கீழேயே இருந்துவிட முடியாது. சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். ‘பழகிவிட்டால் காது மரத்துப்போகும்’ என்று பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். தொடர்ந்து அடிபட்ட பறை தழும்பேறுவதைத்தான் அவர்கள் பழக்கம் என்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்காகவும் சங்குக்காகவும் சிலிண்டரே இல்லாமல் முக்குளித்த தலைமுறைகளுக்கும் இதே குழல், இதே பறைதான். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பது தூத்துக்குடியில் தொடர்கிறது, கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. அங்கே காது வலியை யாரும் காயம் என்று சொல்வதில்லை. தொழிலின் ஒரு பகுதி.

மறுபடி கடலில் இறங்கலாமா? உட்செவி அடிபட்டவர்களைப் பல டாக்டர்கள் நிரந்தரமாகவே தடுத்துவிடுகிறார்கள். இருக்கும் கேள்விப்புலனையும் பணயம் வைக்க வேண்டாம் என்று. மற்றவர்களுக்கு நாள் கணக்கு மட்டும் போதாது. கேள்வி பழையபடி இருக்க வேண்டும். பறை முழுசாக ஆறியிருக்க வேண்டும். டாக்டர் ஓட்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் பறை அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசையாவிட்டால் இன்னும் சில வாரம்.

இந்தூர்க்காரருக்கு எட்டாவது வாரத்தில் அது அசைகிறது. முதலில் நீச்சல்குளம். பிறகு, அடுத்த சீசனில் மனமிருந்தால், கடல் – தலைகீழாகப் பாயாமல், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் முதலில். முகம் நனையும் முன்பே ஒருமுறை ஊதி, அரை மீட்டரில் ஒருமுறை, ஒரு மீட்டரில் ஒருமுறை. திறக்காவிட்டால் ஒரு கை உயரம் மேலே ஏறி மறுபடி. அப்போதும் திறக்காவிட்டால் படகு. கட்டிய பணம் போகட்டும்.